உதைக்கும் கணக்கு

அபர்டீன். எழுபத்து மூன்றாம் வருஷக் குளிர்.
பனிக்கட்டி மேல் எலி மூளையைச் சீவுவது என் வேலை.
சீவியதைக் கதிர்வீசும் நோரட்ரினலினில் ஊறவைத்து
எவ்வளவு உள்ளே போயிற்று என்று எண்ண வேண்டும்.

இமிப்ரமின் ஊற்றினால் வாசல் சாத்திக்கொள்ளும்.
எண் மளமளவென்று இறங்கும்.
"பார், இதனால்தான் துக்கம் தீர்கிறது" என்பார் பேராசிரியர்.
நரம்பு வெளியே விட்டதை
மறுபடி வீட்டுக்குள் இழுக்க விடாமல் தடுப்பது,
அவ்வளவுதான் மருந்து.

இப்ரிண்டோல் ஊற்றினேன்.
வாசல் அது பாட்டுக்குத் திறந்து கிடந்தது.
பத்து மடங்கு ஊற்றினேன்.
அப்போதும்.
"குழாயைக் கழுவினாயா, எல்ஸ்பெத்?"
மூன்று முறை கழுவினேன்.
கணக்கு உதைத்தது.

அதே மாத்திரையைத்தான்
காலை மதியம் இரவு என்று விழுங்கிக்கொண்டிருந்தான்
என் அண்ணன் இன்னஸ்,
படகை விற்றபின் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன்.
முந்தைய மாத்திரைகள் நாக்கை அட்டையாய் உலர்த்தின.
இது அந்தத் தொல்லை தரவில்லை.
"கண் மஞ்சளாகிறதா, அதை மட்டும் பார்" என்றார் டாக்டர் மில்ன்.
தினமும் அவன் கீழிமையை இழுத்துப் பார்ப்பேன்.
வெள்ளை. சிவப்புக் கோடுகள்.
என்னைப் பார்க்காத கருமணி.

பத்தொன்பதாம் நாள்
அடுப்பில் கெட்டில் சீறியது. நான் வைக்கவில்லை.
பாதித் தாடை மழித்து நின்றான்.
"ஹாடக் இப்போது என்ன விலை?"

பின்னாளில் வேறொரு கூடத்தில் கண்டார்கள்:
வாரக்கணக்கில் கொடுத்தால்
நோரட்ரினலினைக் கேட்கும் காதுகள் மழுங்குகின்றனவாம்.
வாசல் திறந்தபடிதான்,
உள்ளிருப்பவருக்கு இரைச்சல் குறைகிறது.
இன்னொரு கட்டுரை கையை விரித்தது:
இது மருந்தே இல்லை, நாள்தான் ஆற்றியது.
இன்னஸிடம் இரண்டையும் வாசித்துக் காட்டினேன்.
உருளைக்கிழங்கு சீவுவதை அவன் நிறுத்தவில்லை.

கடைகளிலிருந்து அது போய்விட்டது.
எப்போதாவது எலிக்கூண்டருகே வேலை கிடைக்கும்:
ஆம்ஃபெட்டமினைச் சிதைக்க வரும் ஈரலின் கையை
சற்று நேரம் பிடித்து வைக்க.
அதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது.
கூட்டலைச் சரிபார்க்க வீட்டுக்குக் கொண்டுவந்தது.
'விளைவு இல்லை' என்ற என் கையெழுத்துக்குப் பக்கத்தில்
ஒரு மீன் செதில்
ஒட்டிக் காய்ந்திருக்கிறது.
அந்தச் சனிக்கிழமை
பொட்டலத்தை அதன் மேலேயே வைத்துவிட்டான்,
மடையன்.