அரைச்சங்கிலி

கெப்பல் துறையில் கிரேன் அதை இறக்கியபோது
தூறிக்கொண்டிருந்தது.
முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் சங்கிலி.
லாரிக்கும் டாங்கிக்கும் பிறந்தது என்றான் ஆ லெங்.
மணிலாவில் பிடித்ததாம்.
ஒகாபே சார்ஜண்ட் அதன் மூக்கில் தட்டினார்,
சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பவர் மாதிரி
குனிந்து அடிவயிற்றையும் பார்த்தார்.

பட்டறையில் என் பெயர் நாற்பத்தொன்று.
வீட்டில் வைரக்கண்ணு.

கதவில் ஒரு வெள்ளை நட்சத்திரம்.
சுரண்டச் சொன்னார்கள், சுரண்டத் தகடு இல்லை.
மேலேயே பூசினேன், சேற்று நிறம்.
காய்ந்ததும் ஐந்து முனையும்
பட்டினிக்காரன் விலா எலும்பாய் எழுந்து நின்றன.
இன்னொரு பூச்சு.
இன்னொன்று.
அதன்மேல்தான் சிவப்பு வட்டம்;
சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்து வரைந்தேன்.
தட்டுக்கு அன்று வேறு வேலை இல்லை.

ஓட்டுநர் இருக்கைக்கு அடியில்
கை எதிலோ இடறியது.
மென்று ஒட்டிய மிட்டாய்ப் பசை, கல்லாய்க் காய்ந்து.
பல் பதிந்திருந்தது. கீழ்ப்பல் ஒன்று கோணல்.
அந்நியப் பொருள் எல்லாவற்றையும் அகற்று என்பது உத்தரவு.
பட்டியலைப் படித்தேன்.
பசை அதில் இல்லை.

பெட்ரோல் கிடையாது.
துப்பாக்கி சுழன்ற வளையத்தை அறுத்துவிட்டுக்
கரி எரிக்கும் கொப்பரையை ஏற்றினோம்.
சங்கிலியின் ரப்பர் வெடித்திருந்தது.
பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜொகூர் முழுக்க ரப்பர்,
வெட்ட ஆளில்லை, ஆளெல்லாம் சயாமில்;
என் மச்சான் சின்னையனும்.
பழைய டயரைக் கீறி ஆணி முடுக்கினோம்.

கியர் எண்ணெயும் தீர்ந்த வாரம்
தேங்காய் எண்ணெய் ஊற்றச் சொன்னார் ஒகாபே.
ஊற்றினோம். கிளப்பினோம். சூடேறியது.
பட்டறை முழுக்கப் பலகாரம் சுடும் வாசனை.
மரவள்ளியில் உயிர் பிடித்திருந்த முப்பது பேர்
ஸ்பானரைக் கீழே வைத்தோம்.
யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.
ஒகாபேவும் கொஞ்சநேரம்
எங்களை அதட்ட மறந்து நின்றார்.

வாழைமரம் போட்ட நோட்டு குப்பைக்குப் போன மாதம்
அதே முற்றம், அதே வண்டி.
வேறொரு தொப்பி வந்து
வட்டத்தைச் சுரண்டு என்றது.
இப்போது தகடு இருந்தது.
சிவப்பு. சேறு. சேறு. சேறு.
வெள்ளை தெரிந்ததும் கையை நிறுத்தினேன்.
“அதுவும் நம்முடையதல்ல, பச்சை பூசு.”
எனக்கும் புது எண் கொடுத்தார்கள், பதினேழு.

இருக்கைக்கு அடியில் துழாவினேன்.
பசை இருந்தது.
பக்கத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு துணிப்பை,
தாயத்துபோல், வாய் தைத்தது.
பிரிக்கவில்லை.
இந்தப் பட்டியலிலும் இரண்டும் இல்லை.

கிளப்பிக் காட்டச் சொன்னார் லெப்டினன்ட்.
இருமியது, பிடித்துக்கொண்டது, சூடேறியது.
மூக்கை உயர்த்தினார்.
“என்ன வாசனை இது?”

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில்
அதற்குச் சொல் இல்லை.
ஆயில், சார் என்றேன்.