வரி எண்ணுகிறவர்கள்

கக்கதாசபுரா ரயில்வே கேட் அடைத்துக் கிடந்த
பதினெட்டு நிமிடத்தில்
கம்பெனி வேனுக்குள் முதல் பாதியை எழுதினேன்.
மிச்சத்தை, கரண்ட் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை,
பிஜியின் மாடிப்படியில்
இன்வெர்ட்டர் பல்புக்குக் கீழே.

நூறு வரிக்குக் கொஞ்சம் மேல்.
பணப்பையைத் திறக்கும் பன்னிரண்டு சொற்களில்
ஒன்று தொலைந்தவர்களுக்கானது.
காகிதத்தில் டீ சிந்தியவர்கள்,
வீடு மாறும்போது நோட்டின் ஓரம் கிழிந்தவர்கள்,
தன் கையெழுத்து தனக்கே பிடிபடாதவர்கள்.
பதினொன்றைக் கொடுத்தால்
அகராதியின் இரண்டாயிரத்து நாற்பத்தெட்டையும்
ஒவ்வொன்றாக அந்த ஓட்டையில் வைத்துப் பார்க்கும்.
நூற்றிருபத்தெட்டு பக்கம் பொருந்தும்.
அதில் ஒன்றுக்குத்தான் பூட்டு திறக்கும்.
இதில் என் சாமர்த்தியம் ஏதுமில்லை.
பொறுமை கூட இயந்திரத்துடையது.

சாவித்துவாரம் என்று பெயர் வைத்தேன்.
வெளிநாட்டுக்காரர்கள் சாவித்ரி என்றே கூப்பிட்டார்கள்.
திருத்தவில்லை.

முதல் வாரம் யாரும் தொடவில்லை.
பிறகு போர்ச்சுகலில் ஒருவன்
ஒரு காற்புள்ளி இடம் மாறியிருப்பதைச் சொன்னான்.
செபுத் தீவில் ரொவேனா,
ரொம்ப மெதுவாக ஓடுகிறது என்று குறைபட்டு,
தானே நான்கு மடங்கு வேகமாக்கி அனுப்பிவைத்தாள்.
காரணம் என்ற இடத்தில்,
'என் கணினி கிழடு' என்று எழுதியிருந்தாள்.

அந்தோணிதாஸ் தங்கவயலில் இருந்து
தினமும் ரயிலில் பெங்களூர் வந்துபோகிறவன்.
ஒரே ஊரில் வேலை, இன்னும் நேரில் பார்த்ததில்லை.
அவன் சேர்த்தது ஒரே வரி:
'முதலில் வைஃபையை அணையுங்கள்.'
காசைத் தோண்டியெடுப்பது பற்றி யாராவது ஜோக் அடித்தால்
அவன் மட்டும் சிரிப்பதில்லை.

மே மாதம் இன்னொரு சாவித்துவாரம் கிளம்பியது.
அதே பெயர், அதே பச்சைப் பொத்தான்,
என் எழுத்துப்பிழை உட்பட.
கே.ஆர்.புரம் தாண்டும்போது
நின்றுகொண்டே எண்ணியிருக்கிறான் அந்தோணிதாஸ்.
நம்முடையது நூற்றுப் பதினேழு வரி.
இது நூற்றுப் பத்தொன்பது.

அந்த இரண்டு வரிக்கு ஒரே வேலைதான்.
கண்டுபிடித்த பன்னிரண்டையும்
வைஃபை திரும்பி வரும்வரை காத்திருந்து
யாருக்கோ அனுப்பிவைப்பது.

அன்றிரவு முழுக்க மன்னிப்பு எழுதி அழித்தேன்.
நான் செய்த தப்பு எந்த வரியில் இருக்கிறது என்று
சொல்லத் தெரியவில்லை.
தமிழில் காசுக்கும் நேர்மைக்கும்
நாணயம் என்று ஒரே சொல்தான் என்றேன் ரொவேனாவிடம்.
கடையில் குழப்பம் வராதா என்றாள்.

நைரோபியில் ஒருவருக்குப் போனது
நம் கணக்கில் நாலாயிரத்து முந்நூறு ரூபாய்.
அவர் திட்டவில்லை.
தொலைத்திருந்த சொல்லை மட்டும் சொன்னார்.
குடை.
அதைத்தானே எல்லோரும் தொலைக்கிறோம் என்று எழுதி
ஒரு புள்ளியும் வைத்திருந்தார்.
அதற்குப் பதில் எழுத
எனக்கு இரண்டு நாள் ஆனது.

இப்போது சாவித்துவாரத்தின் தலையில் ஒரு வரி கூடுதல்:
'இதில் நூற்றுப் பதினெட்டு வரி.
எண்ணிவிட்டு ஓட்டுங்கள்.'
திருடன் அதை நூற்றிருபது என்று மாற்றிக்கொள்வானே
என்றான் அந்தோணிதாஸ்.
மாற்றிக்கொள்வான்.

ஆனாலும் நான் எதையாவது தொட்டுத் திருத்தும்போதெல்லாம்
செபுவில் இருந்து ஒரு எண் வருகிறது.
வணக்கம் இல்லை, நலமா இல்லை.
118.

நேற்று 117 என்று வந்தது.
வேன் கேட்டில் நின்றது, வெளியே மழை,
பயந்துபோய் விரலை வைத்து
மேலிருந்து கீழே எண்ணினேன், இரண்டு தடவை.
நடுவில் மூச்சு விட நான் போட்டிருந்த
வெற்று வரியை
அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

அதுவும் ஒரு வரிதான் என்றேன்.
அதில் ஒன்றுமே இல்லையே என்றாள்.
கேட் திறந்தும்
சண்டை முடியவில்லை.