நிகர எடை

கப்பலூர் எடைமேடையில் எனக்கு ராத்திரி ஷிப்ட்.
லாரி ஏறும், சிவப்பு எண்கள் தடுமாறி நிற்கும்,
சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
அந்த மேடைக்குப் பத்துக் கிலோவுக்குக் கீழே கண் தெரியாது.
டிரைவர் இறங்கினாரா இல்லையா என்று
சண்டை வரும்போதுதான்
ஓர் ஆளுக்கும் எடை உண்டென்று நினைவு வரும்.

வண்டி இருநூறு சிசி. மூன்றாம் கை.
திருமங்கலத்துப் பல் டாக்டரிடம் வாங்கியது.
டேங்கில் அவர் ஒட்டிய பருந்தை
மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும்
ஓர் இறக்கை போகவில்லை.

வில்லாபுரத்தில், மைதீன்பிச்சையின் லேத்தில்,
ஸ்விங் ஆர்மை அறுத்து நாலு அங்குலம் நீட்டினோம்,
முன்சக்கரம் தூக்காமலிருக்க.
பின் ஸ்பிராக்கெட் நாற்பத்திரண்டு பல்லிலிருந்து நாற்பத்தாறு.
"கடைசி வேகம் குறையும், முதல் வெறி கூடும்" என்றான்
வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு.

பிறகு கழற்றத் தொடங்கினோம்.
பழைய இரும்புக் கடை ராசுக்குட்டியின் தராசில்
ஒவ்வொன்றாக வைத்து நோட்டில் எழுதினேன்:
கண்ணாடி ஜோடி முந்நூற்று எண்பது கிராம்.
ஹாரன் நூற்றுப் பத்து.
சைடு ஸ்டாண்டு, ஸ்பிரிங்கோடு, எழுநூறு.
கம்பெனி சைலன்சர் மூன்று கிலோ நானூறு.
அதைத் தூக்கி வைத்தபோது ராசுக்குட்டி
"வெலை சொல்லவா?" என்றார்.
மட்கார்டுக்கு உள்ளே காய்ந்துகிடந்த சேற்றையும்
சுரண்டி நிறுத்தேன். நாற்பது கிராம்.
ஆக மொத்தம் பதினோரு கிலோ அறுநூறு.
எட்டு மாதம். ஓர் ஏலச்சீட்டு முழுசாக.

வரிச்சியூர் தாண்டி ஒரு மனைப்பிரிவு.
தார் போட்டு, விளக்குக் கம்பம் நட்டு,
ஒரு வீடும் முளைக்காத ஊர்.
ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் எழுதி வாங்கியிருந்தோம்.
முப்பதடி முகப்பு, நாற்பத்துநாலு மனை:
பெருக்கிப் பாருங்கள், கச்சிதமாகக் கால் மைல்.

பதினைந்து நொடி இரண்டு.
மறுபடி. பதினைந்து ஒன்று.
பின் டயரில் காற்றைக் குறைத்து
மறுபடி. பதினைந்து இரண்டு.

மைதீன்பிச்சை நோட்டைப் புரட்டினான்.
கண்ணாடி, ஹாரன், சேறு.
கடைசி வரிக்குக் கீழே பேனாவை ஊன்றிக்கொண்டு
என்னை மேலும் கீழும் பார்த்தான்.
"நீ எம்புட்டு?"
எழுபத்தெட்டு என்றேன்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை. எழுதினான்.

அழகுமீனா ஒத்தக்கடைப் பக்கம் பார்சல் கொடுப்பவள்.
ஷூவோடு நாற்பத்தாறு கிலோ.
என் ஹெல்மெட் அவளுக்குத் தொளதொளத்தது.
தன்னுடையதையே மாட்டிக்கொண்டாள், கம்பெனி பெயர் போட்டது.
கிளட்சை எப்படி விடுவது என்று நான் தொடங்கும் முன்பே
"தெரியும்ணே, மாட்டுத்தாவணி சிக்னல்ல
தெனமும் பண்றதுதான்."

கொடி விழுந்தது.
வண்டி பின்னால் குந்தி, ஒரு கணம் யோசித்து, பாய்ந்தது.
பருந்தின் மிச்ச இறக்கை அவள் முழங்காலுக்குள் மறைந்தது.
இரண்டு. மூன்று. கியர் என் வயிற்றில் விழுந்தது.
என் வலக்கை வெறுங்காற்றை முறுக்கிக்கொண்டிருந்ததை
வாட்ச்மேன் பார்த்துவிட்டு
வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதினாலு நொடி நாலு.

திரும்பி வந்தவள் முகத்தில் பெரிதாக ஒன்றுமில்லை.
"ரெண்டுலருந்து மூணுக்குப் போறப்ப செயின் அடிக்குதுண்ணே"
என்று வண்டியை என் கையில் கொடுத்துவிட்டு
டீ குடிக்கப் போனாள்.
எல்லோரும் அவள் பின்னால்.

சாய்த்து நிறுத்த வழியில்லை.
ஸ்டாண்டு ராசுக்குட்டி கடைக் கோணியில் கிடக்கிறது,
எழுநூறு கிராமாக.
இடுப்பைக் கொடுத்து நின்றேன்.
கெண்டைக்காலுக்குப் பக்கத்தில்
புதுச் சைலன்சர் டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது.

"உனக்கு டீ?" என்று தூரத்திலிருந்து
மைதீன்பிச்சை கையைத் தூக்கினான்.

"சீனி போடாம" என்று கத்தினேன்.