குறை எடை

ஹாலிபட் மீன்களை நிறுப்பது என் வேலை.
ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே போனால்
இடதுபக்கத் தொட்டி.
பதினோரு வருஷமாக
யார் முகத்தையும் பார்க்காமல்
முள்ளை மட்டும் பார்த்துச் சொல்லியிருக்கிறேன்:
போதாது.

அதே முள்ளை என் பக்கம் திருப்ப
யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

ஜனவரி. சூரியன் தலைகாட்டாத மாதம்.
உபதேசியார் யோர்கன் ஆஸ்பத்திரியில்.
உப்பர்னாவிக்கிலிருந்து ஹெலிகாப்டர்
ஆறு நாளாய்க் கிளம்பவில்லை;
பாதிரியார் ஏறி உட்கார்ந்து
ஏறி உட்கார்ந்து
இறங்கிப்போனாராம்.
கோயிலுக்குள் எனோக்கின் பெட்டி.
தரை இறுகுமுன் வெட்டிவைத்த இரண்டு குழிகளில்
ஒன்று அவருடையது என்றாகிவிட்டது.

“நீ வாசி, இவாலு” என்றாள் ஆமாலி,
அவர் மனைவி.
“எடைச்சீட்டைச் சத்தமாய்ப் படிக்கிறவள்தானே.”

ஆண்டவரே,
ஏழாம் வகுப்போடு நின்றவள் நான்.
குடித்துவிட்டுக் கடல்பனிமேல் கிடந்தவள்.
அன்று என்னை நாய்வண்டியில் அள்ளிப்போட்டு
வாசலில் இறக்கிவிட்டு
ஊரில் ஒருவரிடமும் மூச்சுவிடாத மனுஷன்
இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறார்.
அவரையா நான் அடக்கம்பண்ணுவது?
கையில் மீன்வாடை வேறு.
வேறு ஆள் பாருங்கள்.

பதில் வரவில்லை.
நாய்கள் குரைத்தன.

முந்தின ராத்திரி கோயிலைத் திறந்து
மெழுகுவர்த்தி ஏற்றி வாசித்துப் பார்த்தேன்.
மூன்று இடத்தில் நாக்குப் புரண்டது.
எனோக், ஆயுளில் முதல்முறையாக,
குறுக்கே பேசாமல் கேட்டார்.
நாலாம் தடவை
உயிர்த்தெழுதல் என்ற சொல்லில் நின்றுபோனேன்.
இதற்கு என் குரல் போதாது.
யார் குரல் போதும்?
யோர்கனுடையதா? பாதி இருமல்.

எனோக் பனியில் துளை வெட்டுவது ஞாபகம் வந்தது.
கோணல்மாணலாய், ஓரமெல்லாம் பிசிறாய்.
அதன் வழியாகத்தான் தூண்டில்
நானூறு பாகம் இறங்கும்.
ஆழத்தைச் செய்தது துளையா?
மீனைப் பெற்றது துளையா?
திறந்திருந்தது, அவ்வளவுதான்.

அப்போதுதான் முழங்காலிட்டேன்.
தைரியம் கேட்கத் தோன்றவில்லை.
திறந்து வையுங்கள் என்றேன்.

யோர்கனின் கறுப்பு அங்கி எனக்கு ஒரு சாண் நீளம்.
மறுநாள் படியில் மிதித்துத் தடுமாறினேன்.
பிள்ளைகள் சிரித்தன.
வாசித்தேன்.
அவர் பெயர் வந்த இடத்தில்
குரல் உடைந்துபோயிற்று.
உடைந்த இடத்திலிருந்து
ஆமாலி அந்தப் பெயரை எடுத்துச் சொன்னாள்.
பின்வரிசை சொன்னது.
கோயிலுக்கே வராத நுக்காக்கா
கதவருகே தொப்பியைக் கழற்றிச் சொன்னான்.
நான் குறைந்த இடத்தில்
அத்தனை பேருக்கும் இடம் இருந்தது.

கல்லறை மேட்டிலிருந்து இறங்குகையில்
ஆமாலி என் கையைப் பிடித்து முகர்ந்தாள்.
“அவர் கை மாதிரியே” என்றாள்.
வேறொன்றும் பேசவில்லை.

திங்கட்கிழமை தராசின் முன் நின்றேன்.
மீனைப் போடுமுன்
காலித்தொட்டியை வைத்து
முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவோம்;
தொட்டியின் கனம் மீன்மேல் விழக் கூடாது.
பதினோரு வருஷமாய் நானே செய்கிற காரியம்.
அன்றைக்குச் செய்துவிட்டு
கையை எடுக்காமல் கொஞ்சநேரம் நின்றேன்.
மேஸ்திரி வந்து
உடம்புக்கு முடியலையா என்றார்.

பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள்.
வெட்டிய துளை ராத்திரியில் மூடிக்கொள்ளும்,
இங்கே எல்லோருக்கும் தெரியும்.
விடியாத காலையில்
கடப்பாரையோடு போகிறேன்.