மலர்க் கண்காட்சிக்குப் போகிறவள்

மே பிறந்தால்
ஒரு வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிடுவேன்.
மின்வாரிய அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.
"மேடம் ஏற்காடு கிளம்பிட்டாங்க,
பூன்னா அவ்ளோ உசுரு."
ஆமாம் என்பேன். டேலியா என்பேன்.
ரோஜாவில் கோபுரம் கட்டியிருப்பார்கள் என்பேன்.
பதினொரு வருஷமாக
ஒரு கண்காட்சிக்கும் நான் டிக்கெட் வாங்கியதில்லை.

மே மாதச் சேலத்தில்
மாம்பழ வாசனை இல்லாத தெரு கிடையாது.
தேடிப் பார்த்திருக்கிறேன்.
அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் தள்ளுவண்டி,
பழைய பஸ் ஸ்டாண்டில் குவியல்,
பக்கத்து இருக்கைக்காரியின் டிபன் டப்பா,
லிஃப்ட்டுக்குள் யாரோ விட்டுப்போன மூச்சு.
ஊருக்கே பெருமை இந்தப் பழம்.
எனக்கோ முதலில் முழங்கால் இற்றுப்போகும்,
பிறகு நாக்கு வறளும்,
நினைவு கடைசியில்தான் வரும்.
எப்போதும் எனக்கு முன்னால்
உடம்பு போய்ச் சேர்ந்துவிடுகிறது
செவ்வாய்ப்பேட்டைக்கு,
செங்கோட மாமாவின் குடோனுக்கு.

வைக்கோல். தகரக் கதவு.
காகிதப் பொட்டலத்தில் சாம்பல் நிறக் கல்.
"இதை வச்சா ரெண்டே நாள்ல பழுத்துரும் பாரு."
எனக்கு ஒன்பது வயது.
இதற்கு மேல் அந்தக் கதவைத் திறக்க மாட்டேன்,
இங்கேயும்.

அந்த வருஷம் படுக்கையை நனைத்தேன்.
வாய்ப்பாடு மறந்தேன்.
ஒரு நாள் மாவாட்டிக்கொண்டிருந்த பாவாயி அத்தையிடம்
கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டேன்.
அத்தை கையைக்கூடக் கழுவவில்லை.
"பிஞ்சுலயே பழுத்தது" என்றாள்.

பழுக்கவில்லை அத்தை. வெம்பியது.
நிறம் ஒன்றுபோல இருக்கும்,
அதுதான் ஏமாந்துவிட்டாய்.

போன வருஷம் அவர் செத்தார்.
சின்னக்கடை வீதி முனையில்
ஆளுயர ஃபிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி,
வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு,
புகைப்படக்காரன் கேட்டு வாங்கிய சிரிப்பு.
ஸ்கூட்டியை நிறுத்தி
பேரன் பேத்தி பெயர்களை
ஒவ்வொன்றாகப் படித்தேன்.
நிம்மதி வருமென்று நின்றேன்.
பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.
ஆள் போன சேதி
என் உடம்புக்கு இன்னும் எட்டவில்லை.
அதற்கு யார் போய் இழவு சொல்வது?

ராத்திரியில் மூன்று தரம் எழுந்து
தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறேன்.
கல்யாணமான புதிதில் தனபால்
சத்தமில்லாமல் பின்னால் வந்து தோளில் கைவைக்க,
கொதிக்கும் காபி அவன் மணிக்கட்டில் கொட்டியது.
அதிலிருந்து அடுப்படிக்கு வருமுன் இருமுகிறான்.
பத்து வருஷமாக
இல்லாத சளிக்கு இருமுகிறான்.
ஏனென்று ஒரு தரமும் கேட்டதில்லை.
அது அன்பா பயமா என்று
சில நாள் தெரிகிறது, சில நாள் தெரிவதில்லை.

அடிவாரம் தாண்டியதும் பஸ் மூச்சை மாற்றுகிறது.
முதல் வளைவு. ஐந்து. எட்டில் குரங்குகள்.
பதினான்கில் காது அடைக்கிறது.
கொண்டை ஊசி வளைவென்றால்
வந்த வழியையே திரும்பத் திரும்பப் பார்ப்பது,
ஒவ்வொரு தரமும் கொஞ்சம் மேலேயிருந்து.
டாக்டரம்மாவும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்,
ஆயிரத்து இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு.

இருபது முடிந்தால்
சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி,
நனைந்த மண், யாரோ காப்பிக்கொட்டை வறுக்கும் வாசம்.
எதற்கும் என்னைத் தெரியாது.

இந்த வருஷம் தாரணியும் வந்திருக்கிறாள்.
ஒன்பது முடிந்து இரண்டு மாதம்.
ஏரிக்கரையில் கிளிமூக்கு மாங்காய் கீறி
மிளகாய்த்தூள் தூவி விற்றார்கள்.
கேட்டாள். வாங்கிக் கொடுத்தேன்.
காய்தானே, காய்க்கு அந்த வாசனையில்லை
என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"நம்ம வீட்டுக்கு மட்டும் ஏம்மா
மாம்பழமே வர்றதில்ல?"
அப்புறம் சொல்றேன் என்றேன்.
"எப்பவும் இதையேதான் சொல்ற.
நான் இன்னொண்ணும் கேக்கணும்,
நீ திட்டுவ."

பெஞ்சிலிருந்து பையை எடுத்து
மடியில் வைத்துக்கொண்டேன்.
பக்கத்தில் இடமிருந்தது.
கேளு என்றேன்.
மாங்காயில் காரம் கூடுதல்.
இரண்டு பேருக்கும் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.