நானூறு

பதினைந்தும் இல்லை, பதினாறும் இல்லை.
நெலிடா மூன்று தடவை அளந்துவிட்டாள்:
பதினைந்தே முக்கால் அங்குலம்.
ஐம்பத்தொன்றாம் வருடத்துச் சிட்ரோன்
மூன்று சக்கரத்தில் நிற்கிறது,
நான்காவதற்குச் செங்கல்.

"முக்காலையெல்லாம் யாரம்மா பார்ப்பது?"
பைசாந்துவில் எந்தக் கடையிலும் இதே பேச்சு.
பதினாறில் ஒன்று வாங்கினாள்.
டயர் ஏறவில்லை,
நெம்புகோல் வளைந்ததுதான் மிச்சம்.
பதினைந்தில் ஒன்று. ஏறியது,
இளைத்த கையில் வளையல் மாதிரி
தன்பாட்டுக்குச் சுற்றியது.

ஞாயிற்றுக்கிழமை டேப் கைதவறிப் புரண்டது.
மறுபக்கம் மில்லிமீட்டர்.
நானூறு.
மயிரிழை பிசகாத நானூறு.
செய்த பிரெஞ்சுக்காரன்
அங்குலத்தைக் கனவிலும் நினைக்கவில்லை.

சரி, நானூறுக்கு எங்கே போவது?

படகுத்துறையில் கிடந்தது:
எவாரிஸ்தோவின் தோணிக்கு நங்கூரமாக,
பாசியும் துருவும் ஏறி, ஐந்து துளையோடு.
சுத்தியலால் தட்டினாள்.
மணிபோல் சொன்னது.

"என்ன விலை?"
"விலையா? இதே கனத்தில் ஒன்று கொடு.
ஆறு அளவு கேட்பதில்லை."

பதினாறைக் கொடுத்தாள்.
கொஞ்ச தூரம் உருட்டிப் போனவள்
திரும்பி ஆற்றைப் பார்த்தாள். வெள்ள மாதம்.
பதினைந்தையும் கொண்டுவந்து
சேர்த்துக் கட்டச் சொன்னாள்.