நான்காம் கட்டம்

ஏழரைக்குப் போகும் என்று
அட்டவணையில் இருந்தது.
ஏழு இருபதுக்கே போய்விட்டது.

டர்பன், கிளென்வுட், மூலைக்கடை. ஆறே மேசை.
காலிப் பாட்டில்களின் கழுத்தில்
மெழுகுவத்தி செருகிக்கொண்டு வருகிறான் மண்ட்லா.
கார்டு மெஷின் செத்துவிட்டது,
காசில்லாதவர்கள் நோட்டில் எழுதிவிட்டுப் போகலாமாம்.

எதிரே தேசிகன்.
பன்னிரண்டு வருஷம் என் கணவன்;
திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் பிறகு
வெறும் தேசிகன்.
வக்கீல் காகிதம் அவன் முழங்கைக்கடியில்.
மஞ்சள் சீட்டு ஒட்டிய மூன்று இடங்களில்
நான் கையெழுத்துப் போட வேண்டும்.
இருட்டில் மஞ்சளும் தெரியவில்லை.

"ஒரு தட்டு பெரி-பெரி ஈரல், ரெண்டு முள்கரண்டி"
என்று சொல்லிவிட்டு
நாக்கைக் கடித்துக்கொண்டான்.
"ரெண்டு தட்டு" என்று திருத்துவதற்குள்
மண்ட்லா சமையலறைக்குள் போயிருந்தான்.

கேஸ் அடுப்புக்கு மின்சாரக் கவலை இல்லை.
ஈரல் கொதித்துக்கொண்டே வந்தது.
ரொட்டியைக் கிழித்துத் தோய்த்தோம்.
கடைசித் துண்டை அவன் என் பக்கம் தள்ள,
வேண்டாம் வேண்டாம் என்று
தின்று முடித்தேன்.

பினோட்டாஜ் கொஞ்சம் சூடாக இருந்தது.
இருட்டில் எல்லா ஒயினும் கறுப்புதான்.
அவன் அம்மாவின் முட்டிவலியை விசாரித்தேன்.
என் காரின் கிளட்ச் எப்படி என்றான்.
பழைய சண்டை ஒன்று
மேசைவரை வந்து
உட்கார நாற்காலி இல்லாமல் திரும்பிப் போனது.

பத்து மணிக்கு விளக்கு.
கடை முழுக்கக் கைதட்டல், எப்போதும்போல்.
காகிதத்தில் ஈரல் எண்ணெய்,
நடுவில் என் கட்டைவிரல் ரேகை.

"இது செல்லுமா?"
"நாளைக்கு வேற அச்சடிச்சுத் தர்றேன்."

மண்ட்லா மேசை மேசையாக
ஊதி அணைத்துக்கொண்டு வந்தான்.
எங்களுடையதை
நானே ஊதினேன்.